பியர் நொதிகலன்

பியர் நொதிகலன் என்பது வீட்டில் பியர் தயாரிப்போர் அதனை நொதிக்க வைக்கப் பயன்படுத்தும் கலன் ஆகும். முளைகட்டிய வாற்கோதுமையை வெந்நீரில் ஊறவைத்து வடித்த இனிப்பு நீர், ஹாப்ஸ் பூக்களுடன் கொதிக்கவைத்து ஆற்றப்பட்டு, இக்கலனில் ஊற்றப்படுகிறது. பின்னர் மதுவம் (ஈஸ்ட்) சேர்க்கப்பட்டு, பொதுவாக ஒன்று முதல் மூன்று வாரங்கள் வரை விடப்படுகிறது. நொதித்த பியர் மீண்டும் கொதிக்கவைக்கப்படுவதில்லை. ஆகவே கலனிலிருந்து கரையும் எப்பொருளும் குடிப்பவரைச் சென்றடையும்.

பின்னணி

ஐக்கிய இராச்சியத்தில் வீட்டில் பியர் தயாரிக்க உரிமம் பெறவேண்டும் என்ற விதி 1963 இல் நீக்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவில் ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபரில் ஒப்பமிட்ட சட்டம், சொந்தப் பயன்பாட்டுக்கான பியருக்கு நடுவண் அரசின் வரிவிலக்கை அளித்தது. ஒரு முறை தயாரிக்கும் வழக்கமான அளவு அமெரிக்காவில் 19 லிட்டர், பிரித்தானியாவில் 23 லிட்டர் ஆகும். நுரை எழும்ப இடம் வேண்டுமாதலால் கலன் இவற்றைவிடச் சில லிட்டர் பெரிதாக இருத்தல் வேண்டும்.

வளி வெளியேற்றம்

1 கிலோகிராம் குளுக்கோசு முழுமையாக நொதித்தால் ஏறத்தாழ 510 கிராம் எத்தனாலும் 490 கிராம் கார்பன் டை ஆக்சைடும் உண்டாகின்றன. அறை வெப்பநிலையில் இவ்வளியின் கன அளவு சுமார் 270 லிட்டர் ஆகும். எனவே இறுக மூடிய சாதாரணக் கலன் வெடிக்கக்கூடும். வளியை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத நீரடைப்பான் மூடியில் பொருத்தப்படுகிறது. நுரை மிகுந்து இதன் துளை அடைபடுவதும் உண்டு. முதல் சில நாட்களுக்கு இதற்குப் பதிலாகத் தடித்த குழாயொன்றைப் பொருத்தி, அதன் மறுமுனையை நீரில் அமிழ்த்தி வைப்பர். கலன் இருக்கும் அறை காற்றோட்டமுள்ளதாக இருத்தல் நன்று.

கலன் வகைகள்

நெகிழி: அடர்த்தி மிகு பாலித்தீன் வாளிகள் மலிவானவை, எடை குறைந்தவை, உடையாதவை. அடியிலுள்ள மறுசுழற்சி எண் (இவ்வகைக்கு 2) நெகிழியின் வகையை மட்டுமே குறிக்கும். உணவுக்கு ஏற்றது என்பதற்கு அது சான்றாகாது. உணவுத் தரம் எனத் தனியே குறிக்கப்பட்டிருத்தல் வேண்டும். வண்ணப்பூச்சு, வேதிப்பொருட்கள் முதலியன இருந்த வாளிகளைக் கழுவியும் பயன்படுத்தலாகாது. கீறல்களில் நுண்ணுயிரிகள் தங்குவதால், கீறல் விழுந்த வாளியை மாற்றிவிட வேண்டும். பாலித்தீனைவிட பெட் நெகிழி ஆக்சிசனைக் குறைவாக உட்புகவிடும். ஆயினும் அது வெந்நீரில் உருக்குலையும்.

கண்ணாடி: பியருடன் வினைபுரிவதில்லை, கீறலும் எளிதில் விழுவதில்லை. எனினும் நிரம்பிய கண்ணாடிக் குடுவையின் எடை 25 கிலோகிராமை எட்டும். ஈரக்கையில் வழுக்கி உடைந்தால் ஆழமான வெட்டுக்காயங்கள் ஏற்படும். திடீர் வெப்பநிலை மாற்றத்தாலும் விரிசல் விடும். கழுத்தைப் பிடித்துத் தூக்காமல், வார்ப்பட்டையிலோ பெட்டியிலோ வைத்துத் தூக்க வேண்டும். ஒளி பட்டால் பியரில் கெட்ட மணம் தோன்றுமாதலால் துணியால் மூடி வைப்பர்.

துருப்பிடிக்காத எஃகு: விலை அதிகம், நீடித்து உழைக்கும். குளோரின் கலந்த வெளுப்பான்கள் இதனை அரிக்கும் என்பதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை

பியரின் அமில-காரக் குறியீடு (பி.எச்.) சுமார் 4 முதல் 4.5 வரை இருக்கும். இவ்வமிலத்தன்மை துத்தநாகம் பூசிய இரும்பு வாளிகளிலிருந்து துத்தநாகத்தையும், செம்புப் பாத்திரங்களிலிருந்து செம்பையும், ஈயம் கலந்த மெருகு பூசிய மட்பாண்டங்களிலிருந்து ஈயத்தையும் கரைக்கும். இவற்றுள் ஈயம் மிகவும் கொடியது. 18 ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் சைடர் எனும் ஆப்பிள் மதுவை அருந்தியோரிடையே கடும் வயிற்றுவலி பரவலாக இருந்தது. ஆப்பிள் பிழியும் கருவிகளில் இருந்த ஈயமே இதற்குக் காரணம் என ஜார்ஜ் பேக்கர் என்ற மருத்துவர் 1767 இல் விளக்கினார். எனவே, மெருகின் தன்மை தெரியாத பழைய மண்சாடிகளை நொதிகலனாகப் பயன்படுத்தலாகாது.

இவற்றையும் பார்க்க

நொதித்தல்
மதுவம்
வாற்கோதுமை
ஈய நச்சுமை