ஏப்ரலில் லான் பச்சையா இருக்கணுமா? ஐப்பசியிலேயே ஆரம்பிங்க: திருப்பதி, சித்தூர் வீடுகளுக்கான கணக்கு

ஸ்ரீசிட்டியில் வேலை, திருப்பதியில் வீடு, வாசலில் 500 சதுர அடி புல்தரை. அல்லது சித்தூரில் அப்பா அம்மா பார்த்துக்கொள்ளும் தோட்டம். கோடையில் அந்தப் புல் தாங்குமா என்பது, அக்டோபர் முதல் பிப்ரவரி வரை நீங்கள் செய்வதைப் பொறுத்தது.

யூடியூபைத் திறந்தால், "இலையுதிர் காலத்தில் விதை தூவுங்க, உரம் போடுங்க" என்று அமெரிக்க வீடியோக்கள் வரும். அதை அப்படியே செஞ்சா, உங்க காசு மழைத்தண்ணியோட போயிடும்.

ஏன் அது இங்கே செட் ஆகாது?

அந்த அட்வைஸ் கென்டக்கி புளூகிராஸ், ஃபெஸ்க்யூ போன்ற குளிர்ப் பிரதேசப் புற்களுக்கானது. நம்ம நர்சரிகளில் கிடைக்கும் பெர்முடா, மெக்சிகன், கொரியன் எல்லாமே வெப்பத்தில் வளர்பவை. பெர்முடா வேறொன்றும் இல்லை. காணிப்பாக்கம் பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்லின் இனம்தான். 27 முதல் 35 டிகிரி வெப்பத்தில் வேகமாக வளரும். மார்கழிக் குளிரில் கொஞ்சம் மந்தமாகும், அவ்வளவுதான்.

இன்னொரு வித்தியாசம் மழை. நமக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2021 நவம்பரில் திருப்பதி தெருக்களில் வெள்ளம் ஓடியது நினைவிருக்கும்.

மழைக்கு முன்னாடி

* தோட்ட முள்கரண்டியால் 7 முதல் 10 செ.மீ. ஆழத்துக்குத் துளை போடுங்கள். இறுகிய மண் இளகினால் தண்ணீர் மேலே தேங்காமல் உள்ளே இறங்கும்.
* பள்ளங்களை மணலும் மக்கிய தொழு உரமும் கலந்து நிரப்புங்கள்.
* யூரியா வேண்டாம். பெருமழையில் அது கரைந்து, வேருக்குக் கீழே போய்விடும்.

மழை நேரத்தில்

ஈரத் தரையில் நடக்காதீங்க, மண் மறுபடி இறுகிடும். புல்லை ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள். கோரையைப் பிடுங்க இதுதான் நேரம். இலையை மட்டும் இழுத்தால் கிழங்கு மண்ணிலேயே தங்கி மீண்டும் முளைக்கும். மண் ஈரமாக இருக்கும்போது கிழங்கோடு தோண்டி எடுங்கள்.

தை, மாசியில்

நம்ம ஊர் 'வசந்தம்' இதுதான். 500 சதுர அடிக்கு அரை கிலோ யூரியா போதும். தூவியதும் தண்ணீர் விடுங்கள். அரை செ.மீ. உயரத்துக்குத் தொழு உரம் பரப்பலாம். 25 லிட்டர் பக்கெட்டில் சுமார் 9 பக்கெட் ஆகும்.

தினமும் கொஞ்சம் தெளிப்பதைவிட, வாரம் ஒன்றிரண்டு தடவை ஆழமாக நனைப்பது நல்லது. மேலே மட்டும் ஈரம் இருந்தால் வேரும் மேலேயே நின்றுவிடும். அந்த வேர் மே மாத வெயிலுக்குத் தாங்காது.

தண்ணீர் கணக்கு

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. தண்ணீர் நிற்க 1 லிட்டர் வேண்டும். கோடையில் வாரம் 25 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 500 சதுர அடிக்கு (சுமார் 46 சதுர மீட்டர்) 1,150 லிட்டர். அதாவது வாரத்துக்கு ஒரு 1,000 லிட்டர் டேங்குக்கும் மேல். போர்வெல்லை நம்பியிருக்கும் ஊரில் இது சின்ன கணக்கு இல்லை.

அப்போ என்ன செய்யலாம்? லானைப் பாதியாகக் குறைத்தால் செலவும் பாதி. மீதி இடத்தில் வேம்போ புங்கமோ வைக்கலாம்; வேர் பிடித்துவிட்டால் தினசரி தண்ணீர் கேட்காது.

மே மாதத்தில் தண்ணீர் தட்டுப்பாடு வந்தால், லானுக்கு விடுவதை நிறுத்தத் தயங்காதீர்கள். அருகம்புல் பழுப்பாகும், ஆனால் மண்ணுக்கடியில் தண்டு உயிரோடு இருக்கும், முதல் நல்ல மழையில் துளிர்க்கும். ஐப்பசியில் மண்ணைத் தயார் செய்திருந்தால், அந்த இடைவெளியை அது தாங்கிக்கொள்ளும்.