பேத்தியை அம்மா என்றழைக்கும் சம்பந்தி

என் மகனுக்கு மெக்ஸிகோவில், புவெப்லா நகரத்தில் வேலை. மருமகள் அந்த ஊர்ப் பெண். புனேவை அடுத்த சிஞ்ச்வட்டில் இருந்துகொண்டு வீடியோ காலில்தான் நான் பேத்தியைக் கொஞ்ச முடிகிறது. சம்பந்தியம்மா அங்கே அவளை "மமீத்தா" என்று கூப்பிடுகிறார். மமீத்தா என்றால் குட்டி அம்மா. பையனாக இருந்தால் பப்பீத்தோ, குட்டி அப்பா. நாமும் கைக்குழந்தையிடம் "என்னம்மா, பசிக்குதா?", "வாப்பா ராசா" என்கிறவர்கள்தானே! கேட்ட அன்றே அந்த அம்மாள் எனக்கு நெருங்கிய மனுஷியாகிவிட்டார்.

ஸ்பானிஷில் செல்லம் பெரும்பாலும் சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்கிறது. பாட்டி அபுவேலா, கொஞ்சும்போது அபுவெலீத்தா. தம்பி எர்மனீத்தோ. மெக்ஸிகோவில் காபியைக்கூட கஃபெசீத்தோ என்று குழைப்பார்கள். 'என் மகனே' என்பது பேச்சில் மீஹோ என்று சுருங்கி, பெரியவர்கள் முன்பின் தெரியாத பையனையும் அழைக்கும் சொல்லாகிவிட்டது. ஆனால் சித்தி, அத்தை, மாமி எல்லாருமே அவர்களுக்கு தீயாதான். சம்பந்தியம்மாளுக்கு மட்டும் கொன்சுவேக்ரா என்று தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். நான் இருக்கும் ஊரின் மராத்தியில் அது விஹீண்.

மராத்திக்காரர்கள் உறவைக் கிட்டத்தட்ட நம்மைப் போலவே பிரிக்கிறார்கள். அப்பாவின் சகோதரி ஆத்யா, அம்மாவின் சகோதரி மாவ்ஷி. அப்பாவின் சகோதரர் காகா, அம்மாவின் சகோதரர் மாமா. இங்கே பல சாதிகளில் மாமன் மகளைக் கட்டலாம், அத்தை மகளைக் கட்டக்கூடாது. புனே டெக்கான் கல்லூரியின் இராவதி கர்வே, இந்திய உறவுமுறைகளைப் பற்றி 1953இல் வெளியிட்ட நூலில், வடக்கும் தெற்கும் கலக்கும் இடமாக மகாராஷ்டிரத்தைக் காட்டினார்.

குழந்தையைக் கொஞ்ச சோன்யா (நம் 'தங்கம்'), பிள்ளூ (குஞ்சு). உறவுச் சொற்கள் வீட்டோடு நிற்பதும் இல்லை. பாத்திரம் தேய்க்க வருபவர் மாவ்ஷி, ஆட்டோக்காரர் காகா அல்லது தாதா, டிராஃபிக் போலீஸ்காரர் மாமா. தாதா என்றதும் பயப்பட வேண்டாம், இங்கே அது அண்ணன்.

தெய்வத்தையும் இவர்கள் விட்டுவைக்கவில்லை. எங்கள் ஊரில் பவனா நதிக்கரையில் மோரியா கோசாவி என்ற கணபதி பக்தரின் சமாதி இருக்கிறது. மகாராஷ்டிரம் முழுக்க முழங்கும் 'கணபதி பப்பா மோரியா'வில் இருப்பது அவர் பெயர்தான் என்பது இங்குள்ளவர்களின் நம்பிக்கை. பப்பா என்றால் அப்பா.

அதைவிட எனக்கு நெருக்கமானது மாவுலி. தாய் என்று பொருள். ஆளந்தியில் சமாதி கொண்ட பக்திக் கவிஞர் ஞானேஸ்வரர் ஆண்தான். ஆனால் பண்டரிபுரத்துக்கு யாத்திரையாக நடக்கும் வாரகரிகளுக்கு அவர் மாவுலி. ஜ்யேஷ்ட மாதத்தில் அந்த யாத்திரைக்காக தேஹுவிலிருந்து புறப்படும், துக்காராம் என்ற இன்னொரு பக்திக் கவிஞரின் பல்லக்கு பக்கத்து ஆகுர்டியில் ஓரிரவு தங்கும். அப்போது நாங்கள் தண்ணீர் கொடுக்க நிற்போம். டம்ளரை நீட்டும் என்னையும் மாவுலி என்கிறார்கள், என் பக்கத்தில் வாழைப்பழம் கொடுக்கும் பள்ளிக்கூடப் பையனையும் மாவுலி என்கிறார்கள். கூட்டத்தில் முன்னால் நிற்பவரை விலகச் சொல்வதற்கும் அவர்களிடம் அந்த ஒரே சொல்தான்.