வீட்டு மனையும் வெள்ளத்தின் வழியும்

கோடை விடுமுறையில் மனை பார்ப்பது பலருடைய வழக்கம். திருப்பதியைச் சூழ்ந்த தாழ்நிலத்தில், சித்திரை வைகாசியில் வறண்டு கிடக்கும் மனை சமமாகவும் விலை மலிவாகவும் தோன்றும். அதன் இயல்பு வெளிப்படுவது ஐப்பசி, கார்த்திகையில்தான்.

2021-ஆம் ஆண்டு நவம்பர் 19-ஆம் தேதி அதிகாலையில், வங்கக் கடலில் உருவான தாழ்வழுத்த மண்டலமொன்று புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையே கரையைக் கடந்தது. அதனால் சேஷாசல மலைச் சரிவுகளில் பெருமழை கொட்டிற்று; மலையிலிருந்து பாய்ந்த நீர் திருப்பதித் தெருக்களை நிரப்பியது. திருச்சானூர் அருகே சுவர்ணமுகியின் கரை அரிக்கப்பட்டு, வீடொன்று ஆற்றில் சரிந்தது. அடுத்த சில நாட்களில் பழமையான ராயலசெருவு ஏரியின் கரையில் நீர் கசியவே, தாழ்ந்த பகுதிக் கிராமத்தார் வெளியேற்றப்பட்டனர். நல்வேளையாக ஏரிக்கரை உடையவில்லை.

இத்தகைய மழையை இனி அபூர்வம் என்று ஒதுக்கிவிட இயலாது. வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், காற்று ஏறத்தாழ 7 சதவிகிதம் மிகுதியான நீராவியைக் கொள்ளும். ஆகவே, புவி வெப்பமடையுந்தோறும் பெருமழையின் கடுமையும் கூடும்.

இப்பிரதேசத்தின் ஏரிகள் பல சங்கிலித் தொடர்போல அமைந்தவை. மேலேரியின் கலங்கலில் வழியும் நீரே கீழேரிக்கு வரத்து. இடையிலுள்ள வாய்க்காலைத் தூர்த்து வீடு கட்டினால், நீர் வீடுகளின் ஊடே வழி தேடிக்கொள்ளும். ஊர்ப் பெயர்களும் இங்கே சான்று கூறும். தெலுங்கில் ‘செருவு’ ஏரி, ‘குண்ட’ குட்டை, ‘வாகு’ ஓடை. இச்சொற்கள் கலந்த பெயருடைய குடியிருப்பு எதுவாயினும், பழைய கிராம வரைபடத்தை ஒருமுறை விரித்துப் பார்த்தல் வேண்டும். மாணவரைக் கொண்டு அவ்வரைபடத்தைத் தரையுடன் ஒப்பிடச் செய்தால், நல்லதொரு பூகோளப் பாடமும் ஆகும். வெள்ளம் எட்டிய மட்டத்தை ஊர் முதியோர் சுவரிலேயே தொட்டுக் காட்டுவர்.

சித்தூர் நகரின் ஊடே செல்லும் நீவா நதியும் இவ்வாறே ஏமாற்றும். ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடப்பதால், அதனை நதியென்றே பலர் கருதுவதில்லை!

வெள்ளத்திற்கு அஞ்சி மேட்டு நிலத்தை நாடுவோர்க்குக் கணக்கு வேறு. பலமநேரும் குப்பமும் திருப்பதியைவிடச் சுமார் 500 மீட்டர் உயர்ந்தவை. அவ்வுயரத்திற்கு வெப்பம் ஏறத்தாழ 3 டிகிரி குறையும். ஆயினும் அடியில் இருப்பது கடினப் பாறை. அதன் வெடிப்புகளிலும், சிதைந்த மேற்படிவிலுமே நீர் தங்கும். ஒரு மனையில் நீர் தரும் ஆழ்துளைக் கிணறு அடுத்த மனையில் பொய்க்கக் கூடும். எனவே அங்கே மனை தேடுவோர், வைகாசியில் அண்டை வீட்டுக் கிணறுகளின் நிலையை நேரில் அறிந்த பின்னரே முன்பணம் கொடுப்பது நலம்.