கோட்டைக்கு வந்த சீமான்கள் - 9: பொட்டலம் தந்த வேட்பாளர்

இங்கிலாந்தின் டார்செட் மாவட்டத்தில் ஷாஃப்ட்ஸ்பரி என்றொரு சிற்றூர். 1774 பொதுத் தேர்தலின்போது அங்கே ஒரு சின்ன அறைக்குள் ஓர் ஆள் இருந்தார். பொம்மலாட்டக் கோமாளி 'பஞ்ச்' போல வேடம். கதவில் ஒரு துளை. வாக்காளர் வந்து நின்றால் துளை வழியாக ஒரு பொட்டலம் நீளும். உள்ளே 20 கினி. வாங்கியவரை அடுத்த அறைக்கு அழைத்துப் போவார்கள். அங்கே பஞ்சின் 'செயலாளர்' கடன் சீட்டு எழுதி வாங்குவார். கடன் கொடுத்ததாகச் சீட்டில் இருந்த 'கிளென்பக்கெட்' என்பவர் உலகத்திலேயே இல்லாத மனிதர்.

அந்தத் தொகுதியில் வென்றவர்கள் தாமஸ் ரம்போல்டும் பிரான்சிஸ் சைக்ஸும். இருவரும் வங்காளத்தில் பொருள் சேர்த்துத் திரும்பிய கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள். தோற்றுப்போன ஹான்ஸ் மார்ட்டிமர் சும்மா இருக்கவில்லை. நாடாளுமன்றத்தில் முறையிட்டு அவர்களின் வெற்றியை ரத்து செய்யவைத்தார். சைக்ஸ் மீது வழக்குப் போட்டு 11,000 பவுண்டுக்குத் தீர்ப்பும் வாங்கினார்.

இத்தனைக்குப் பிறகும் அந்த ரம்போல்டைத்தான் கம்பெனி சென்னைக்குக் கவர்னராக அனுப்பியது.

கவர்னர் பிகட் பிரபுவை அவருடைய கவுன்சிலே சிறைபிடித்து, அவர் காவலிலேயே இறந்துபோன கதையைப் பார்த்தோம். அந்தக் காயம் ஆறுவதற்குள், 1778 பிப்ரவரியில் ரம்போல்ட் பதவியேற்றார். லண்டனில் சூதாட்ட விடுதிப் பணியாளாக இருந்தவர் என்று எதிரிகள் பரப்பிய கதை பொய். 1752-ல், 16 வயதில், கம்பெனி எழுத்தராகச் சேர்ந்தவர் அவர். பிளாசிப் போரில் கிளைவின் அருகிருந்து காயம்பட்டவர்.

அவர் காலத்தில் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடிபட்டது. 1779-ல் பரம்பரை 'சர்' பட்டமான பாரோனெட் பட்டம் வந்தது. ஆனால் வடசர்க்கார் ஜமீன்தார்களைச் சென்னைக்கு வரவழைத்துப் பேரம் பேசியதும், ஊருக்கு அனுப்பிய பெருந்தொகையும் லண்டனில் புகைச்சலைக் கிளப்பின. அதைவிடக் கனமான பிழை குண்டூர். நிஜாமின் சகோதரர் பசாலத் ஜங்கிடமிருந்து பெற்ற அந்தச் சீமையை ஆற்காட்டு நவாபுக்குக் குத்தகைக்கு விட்டதில் நிஜாம் கொதித்தார். ஹைதர் அலியின் பாதுகாப்பில் இருந்த மாஹேயையும் ஆங்கிலேயர் பிடித்திருந்தார்கள். பகையை நாலாபுறமும் மூட்டிவிட்டு, 1780 ஏப்ரலில் ரம்போல்ட் கப்பலேறினார். ஜூலையில் ஹைதர் கணவாய் கடந்து இறங்கினார். செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. எரிந்த கிராமங்கள் எத்தனையோ! அவர் பணம் சேர்த்ததைவிட இந்த அலட்சியத்தையே பெருங்குற்றம் என்பேன்.

1781-ல் கம்பெனி அவரை நீக்கியது. மறு ஆண்டு ஹென்றி டண்டாஸ் நாடாளுமன்றத்தில் தண்டனை மசோதா கொண்டுவந்தார். அது 1783-ல் கைவிடப்பட்டது. குற்றவாளி என்றும் தீர்ப்பில்லை, நிரபராதி என்றும் தீர்ப்பில்லை. ரம்போல்டோ வேறு தொகுதியில் நின்று மறுபடி எம்.பி. ஆகியிருந்தார்!

அந்தக் களங்கம் குடும்பத்தை வெகுகாலம் உறுத்தியது. இரண்டாம் மனைவி ஜோஆனா, கார்லைல் பிஷப் எட்மண்ட் லாவின் மகள். ரம்போல்டின் மகள் எலிசபெத் ஆன், தந்தைக்காக வாதாடி ஒரு புத்தகமே எழுதினார். அது அச்சேறியது 1868-ல். மகன் ஜார்ஜ் ஹாம்பர்க்கில் தூதர். 1804-ல் நெப்போலியனின் ஆட்கள் அவரை வீடு புகுந்து தூக்கிப்போய்ப் பாரிஸில் அடைத்தார்கள்; பிரஷ்ய மன்னர் தலையிட்ட பிறகே விட்டார்கள். பேரன் வில்லியம் ஹைதராபாத்தில் பாமர் கம்பெனியின் கூட்டாளி. 1933-ல் பெர்லினில் பிரிட்டிஷ் தூதராக இருந்து, ஹிட்லரின் நோக்கத்தை லண்டனுக்கு எச்சரித்து எழுதிய சர் ஹொரேஸ் ரம்போல்டும் இதே வம்சம்தான்.

ரம்போல்ட் 1791-ல் இறந்தார். ஹெர்ட்ஃபர்ட்ஷரில் அவர் கட்டிய வுட்ஹால் மாளிகையில் ஓர் அறையின் சுவர்கள் முழுக்க அச்சுப் படங்கள் ஒட்டியிருக்கும். சில ஆண்டுகளில் அதை விலைக்கு வாங்கியவர் பால் பென்ஃபீல்ட். நவாபுக்குக் கடன் கொடுத்தே கொழுத்த அந்தச் சென்னை வட்டிக்காரரின் கதை அடுத்த வாரம்.