போர்மட் செய்வதற்கு முன்

2024 ஜூலை 19 அன்று இலங்கை நேரம் காலை 9.39க்கு, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் விண்டோஸ் கணினிகளுக்கு ஒரு சிறு கோப்பை அனுப்பியது. அதைக் கையாண்ட டிரைவர் 21ஆவது மதிப்பைத் தேடியது; அதற்குக் கொடுக்கப்பட்டிருந்தவையோ 20தான். நினைவகத்தில் தனக்கு உரிமையில்லாத இடத்தை அது வாசிக்கப் போக, ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகள் நீலத்திரையில் நின்றன. மறுபடி போட்டாலும் அதே டிரைவர் ஆரம்பத்திலேயே ஏறிக்கொள்ளும், மறுபடியும் நீலத்திரை. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். இத்தனைக்கும் அந்தக் கோப்பு எந்த மதர்போர்டையும் எரிக்கவில்லை, எந்த டிஸ்க்கையும் கெடுக்கவில்லை. சேஃப் மோடில் நுழைந்து அதை அழித்ததும் கணினிகள் வழமைபோல் எழும்பின.

இலங்கை மலையகத்தில், வட்டவளையிலோ ஹட்டனிலோ, பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய ஒரு கணினி, புது டிரைவர் போட்டதும் எழும்பாமல் போனால், இந்தச் சம்பவத்தை நினைவில் வைத்தே அதை அணுக வேண்டும். சாதாரண செயலி ஒன்று தவறினால் அது மட்டும் மூடிக்கொள்ளும். டிரைவர்களில் பெரும்பாலானவை விண்டோஸின் கருவுக்குள்ளேயே இயங்குபவை. அங்கே ஒன்று தவறினால், தரவு கெடாமலிருக்க விண்டோஸ் தன்னைத்தானே நிறுத்திவிடும். பூட்டிய கணினியில் மதர்போர்ட் ஒரு கம்பனி, கிராபிக்ஸ் கார்ட் இன்னொன்று, வைஃபை வேறொன்று. அதே சேர்க்கையை எவரும் முன்கூட்டிச் சோதித்துப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஆகவே டிரைவர் மோதல் இங்கே எதிர்பார்க்க வேண்டிய ஒன்று. அதற்காக டிஸ்க்கை முழுதாகத் துடைப்பது தேவைக்கு மிஞ்சிய வைத்தியம்.

வட்டவளையில் இதற்கு ஒரு நியாயமான மறுப்பு எழும். ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் ஊரில், ஈரம்தான் கணினியைக் கெடுத்தது என்று ஏன் கொள்ளக்கூடாது? கொள்ளலாம். ஆனால் ஈரம் செய்யும் கோளாறு பெரும்பாலும் வேறு இடத்தில் வெளிப்படும். ராமின் பொன்னிறக் காலில் களிம்பு படிந்தால், பவர் பட்டனை அழுத்தியதும் விசிறி சுற்றும், பீப் சத்தம் வரலாம், திரையில் ஒன்றும் வராது. ராமைக் கழற்றி அழிறப்பரால் மெல்லத் தேய்த்துத் திரும்பப் பூட்டினால் பல நேரம் சரியாகிவிடும். டிரைவர் கோளாறிலோ மதர்போர்ட் கம்பனியின் லோகோ வந்துபோகும், விண்டோஸின் புள்ளிகள் சுற்றத் தொடங்கும், அதன் பிறகுதான் திரை இருளும் அல்லது நீலமாகும். எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதே பாதி விடை. சேஃப் மோடில் ஒழுங்காக எழும்பினால் மீதி விடையும் ஏறக்குறைய கிடைத்த மாதிரிதான், ஏனென்றால் அங்கே அத்தியாவசிய டிரைவர்கள் மட்டுமே ஏறும். டிவைஸ் மேனேஜரைத் திறந்து, கடைசியாகப் போட்ட டிரைவரை நீக்கலாம், அல்லது ரோல் பேக் கொடுத்துப் பழையதற்குத் திரும்பலாம்.

போர்மட் செய்தால் ஒரு மணித்தியாலத்தில் வேலை முடியும் என்பது திருத்துபவர்களின் வாதம். நேரக்கணக்கில் அது சரியாகவே இருக்கலாம். உயர்தரப் பரீட்சை எழுதும் பிள்ளையின் குறிப்புகளையும் குடும்பப் படங்களையும் அந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. அதோடு, விண்டோஸ் அப்டேட் அதே டிரைவரை மீண்டும் இறக்கினால் மறுநாளே பழைய கதைதான். சேஃப் மோடும் வராத நிலை உண்டு. குறிப்பாக டிஸ்க்கைக் கையாளும் டிரைவரோ பயாஸில் உள்ள ஸ்டோரேஜ் அமைப்போ மாறியிருந்தால். அப்போதும் தொடக்கம் சில முறை அடுத்தடுத்துத் தோற்றதும் தானாக வரும் ரிக்கவரித் திரையில் சிஸ்டம் ரீஸ்டோர் இருக்கிறது. அதுவும் கைகொடுக்காவிட்டால், டிஸ்க்கை வேறொரு கணினியில் மாட்டிக் கோப்புகளைப் பிரதியெடுத்த பிறகு தாராளமாகப் போர்மட் செய்யுங்கள்.

டிரைவர் போடுமுன், சிஸ்டம் ரீஸ்டோர் திரும்பிச் செல்வதற்கான ரீஸ்டோர் பாயிண்ட் ஒன்றை உருவாக்குங்கள். பல கணினிகளில் அந்த வசதி அணைந்தே கிடக்கும், பார்த்துப் போட்டுவிடுங்கள். டிஸ்க்கைக் குறியாக்கம் செய்யும் பிட்லாக்கர் இயங்கினால் அதன் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். கடைக்குக் கொண்டுபோனால், சேஃப் மோடில் பார்த்தீர்களா என்று முதலில் கேளுங்கள்.