'குண்டு' என்னும் சொல்லும் குடும்பம் சார்ந்த சிகிச்சையும்

கைக்குழந்தை பருத்திருந்தால் தமிழ் வீடுகளில் அது 'கொழுகொழு' குழந்தை. எட்டு வயதானதும் அச்சொல் மறைந்து 'குண்டு' வந்துவிடுகிறது. முன்னது கொஞ்சல், பின்னது பட்டப்பெயர்.

பட்டப்பெயரின் வலியைச் சிங்கப்பூர் நன்கறியும். 1992இல் பள்ளிகளில் 'டிரிம் அண்ட் ஃபிட்' திட்டம் தொடங்கியது. எடை மிகுந்த மாணவர்கள் தனியே பிரிக்கப்பட்டுக் கூடுதல் உடற்பயிற்சி செய்தனர். அத்தகைய மாணவர் விழுக்காடு குறையவே செய்தது. ஆயினும் திட்டத்தின் பெயர்ச்சுருக்கமான டி, ஏ, எஃப் என்னும் ஆங்கில எழுத்துகளைப் பின்னிருந்து படித்தால் 'ஃபேட்' என்றாகும். பிள்ளைகள் அதைக் கண்டுபிடிக்க எத்தனை நாள் ஆகியிருக்கும்! கேலி பெருகியது. 2007இல் அத்திட்டம் கைவிடப்பட்டு, எல்லா மாணவர்க்கும் உரிய உடல்நலத் திட்டம் வந்தது.

பிள்ளையைப் பிரிக்காமல் வீட்டையே மாற்றும் வழியை அமெரிக்க உளவியலாளர் லெனர்ட் எப்ஸ்டீன் குழுவினர் ஆராய்ந்தனர். உணவுகளைப் போக்குவரத்து விளக்குகள்போல் சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பகுத்து, 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கும் பெற்றோர்க்கும் கற்பித்தனர். எல்லாப் பிரிவினர்க்கும் உணவு, உடற்பயிற்சி அறிவுரை ஒன்றே. ஒரு பிரிவில் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்தே எடை குறைப்புக்கும் பழக்க மாற்றத்துக்கும் ஊக்கம் பெற்றனர். பத்தாண்டு கழித்து, 1990இல் வெளியான முடிவில், அப்பிள்ளைகளின் மிகை எடை தொடக்கத்தைவிட 7.5 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைந்திருந்தது; தவறாமல் வந்ததற்கு மட்டும் ஊக்கம் பெற்ற பிரிவில் 14.3 புள்ளிகள் ஏறியிருந்தது.

காரணம் எளிது. ஒன்பது வயதுப் பிள்ளை வீட்டுக்கு எண்ணெயும் சர்க்கரையும் வாங்குவதில்லை. இனிப்புப் பானம் வீட்டிலேயே இல்லையெனில் அதை மறுக்கும் மனப்போராட்டமும் இல்லை. தந்தையும் உடன் நடந்தால் நடைப்பயிற்சி தண்டனையாகத் தோன்றாது. பாட்டியையும் அமர்வுக்கு அழைப்பது நலம். மறுசோறு வைப்பதே அவர் அறிந்த அன்பின் மொழி அல்லவா!

மனநலம் கெடுமோ என்னும் அச்சம் இயல்பே. ஆனால் வல்லுநர் வழிநடத்தும் சிகிச்சையில் மனச்சோர்வோ உண்ணற்கோளாறோ பொதுவாகப் பெருகுவதில்லை. தன்மதிப்பு உயர்வதாகவே ஆய்வுகள் காட்டுகின்றன. கெடுப்பது வீட்டார் கேலி.

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டி, 3 முதல் 12 மாதங்களில் குறைந்தது 26 மணிநேரம் குடும்பத்தோடு சிகிச்சையளிக்கச் சொல்கிறது. நோய்ப்பெயருக்கு முன் 'குழந்தை' என்னும் சொல்லை வைக்குமாறும் கூறுகிறது. ஆங்கிலத்தில் அது இயலும். தமிழில் அடைமொழி பெயருக்கு முன்னரே வருமாதலால் 'உடற்பருமனுள்ள குழந்தை' என்றே சொல்ல வேண்டும். நமக்குக் கைகொடுப்பது நான்காம் வேற்றுமை. 'அவன் குண்டு' என்பதில் ஆளும் பருமனும் ஒன்றாகிவிடுகின்றன. 'அவனுக்கு எடை கூடியிருக்கிறது' என்பது 'அவனுக்குக் காய்ச்சல் வந்திருக்கிறது' என்பதற்கு இணையான அமைப்பு. வந்தது போகவும் கூடும் என்பது அதற்குள்ளேயே இருக்கிறது. பெற்றோர் சந்திப்பில் ஆசிரியர்கள் இவ்வமைப்பைக் கையாளலாம். பிள்ளையும் அருகில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கும்.