டீச்சர் வேலை நமக்கு ஒத்து வருமா?

இன்னைக்குக் கொஞ்சம் ஏழாயிரம்பண்ணை வரைக்கும் போயிட்டு வருவோம். விருதுநகர் மாவட்டம், வெம்பக்கோட்டை வட்டாரம். தீப்பெட்டி, பட்டாசு ஊர். அங்க பிளஸ் டூ படிக்கிற ரெண்டு பேரை நினைச்சுக்கோங்க. ஒருத்தி "டீச்சர் ஆகணும்"ங்கிறா. இன்னொருத்தி "எனக்கு அது செட் ஆகாது"ங்கிறா. ரெண்டு பேரும் எதை வெச்சு முடிவு பண்ணாங்க?

அமெரிக்க சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975-ல ஒரு கணக்கு சொன்னார். பள்ளிப் படிப்பு முடியுறதுக்குள்ள ஒரு மாணவர் சுமார் 13,000 மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்துடுறார். வேற எந்த வேலையையும் நாம இவ்வளவு கிட்ட இருந்து பார்க்கிறதில்லை. ஆனா பார்த்தது பாதிதான். வகுப்புல பேசுறது தெரியும். அதுக்கு முன்னாடி நடக்கிற தயாரிப்பும் யோசனையும் தெரியாது. அதனால "பிடிக்கும்", "பிடிக்காது" ரெண்டுமே அரைகுறைத் தகவல்ல வர்ற முடிவு.

அப்போ மனசுல எதைப் பார்க்கணும்? நல்லா பேசுறதை மட்டும் இல்லை. மூணு கேள்வி கேட்டுப் பாருங்க.

ஒரே கணக்கை நாலாவது தடவை கேட்டா எரிச்சல் வருதா, இல்லை வேற மாதிரி சொல்லிப் பார்க்கலாம்னு தோணுதா?

அடுத்தவருக்குப் புரிஞ்சதும் உங்களுக்குச் சந்தோஷம் வருதா?

பலன் தெரிய வருஷக்கணக்கா ஆனா பொறுப்பீங்களா? தீப்பெட்டி ஒட்டுறவங்க சாயங்காலமே எண்ணிப் பார்த்துடலாம். ஆசிரியரால அப்படி எண்ண முடியாது.

இன்னொரு விஷயம். "செட் ஆகாது"ன்னு சொன்னவளுக்கு இந்தக் குணம் எல்லாமே இருக்கலாம். டிகிரி மூணு வருஷம், பி.எட். ரெண்டு வருஷம், அப்புறம் டெட் தேர்வு. அதுவரை வீட்டுக்கு ஒரு கூலி குறையும். அது வழியில்லாம வந்த பதில். அதை விருப்பமில்லைன்னு எழுதிடக் கூடாது. அதே மாதிரி, மாசச் சம்பளம் வாங்குறவங்கன்னு டீச்சரை மட்டுமே பார்த்து வளர்ந்தவளுக்கு அந்த வேலை மேல ஆசை வர்றதும் இயல்பு. தப்பில்லை. ஆனா அது மட்டும் முப்பது வருஷம் தாங்காது.

ரெண்டு பேருக்கும் ஒரே யோசனைதான். ஒரு மாசம், தினம் சாயங்காலம், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுங்க. முப்பதாவது நாள் கிளம்பும்போது சலிப்பா இருக்கா, இல்லை அந்தப் பிள்ளை இன்னைக்கு எங்க தடுமாறும்னு யோசிச்சுக்கிட்டே போறீங்களா? பதில் அங்கதான் இருக்கு.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.